வன்னி மரம் வரைக்கும்

நெலவாகி
12 ஜனவரி 1987

நீலவ்வாவுக்குச் சித்தவ்வா எழுதுவது.

வீடு வந்து சேர்ந்தேன். பஸ் கிடைத்ததா, வழியில் விழுந்து கிடந்தேனா என்று நீ கேட்கப் போவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும். நினைவு அப்படி இல்லை. எள் அமாவாசை அன்று வயலில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே பிசகுகிறேன் என்று காட்டு.

தம்பிக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்துவிட்டாய். பூமிக்குச் சோறு தூவும் சரகா கூடையைத் தூக்க உன் வீட்டில் ஆண் இல்லை. "அக்கா, நீயே தூவிட்டு வா" என்றவன் தம்பி. நான் கேட்டு வாங்கவில்லை. ரொட்டியும் போளியும் கத்திரிக்காயும் பிசைந்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயலைச் சுற்றித் தூவியபடி "ஹுலிகோ" என்று நான் கூப்பிட்டேன். தண்ணீர்ச் செம்போடு என் பின்னால் நடந்து "சலம்பரிகோ" என்று பதில் சொன்னவள் நீ. வன்னி மரம் வரைக்கும் உனக்குக் குரல் இருந்தது. மரத்தைத் தாண்டிக் கால் வைத்தேன், உன் குரல் மாறிவிட்டது.

"அக்கா, அந்தப் பக்கம் போகாதீங்க. அது யமனப்பா வயலு."

"எது யமனப்பா வயலு? எங்கப்பன் உழுத மண்ணுடி இது."

"நில்லுங்கன்னு சொல்றேன்ல!"

நான் ஏன் நிற்க வேண்டும்? அந்தத் துண்டு நிலத்தில் அப்பாவின் பின்னால் செம்பு தூக்கி நடந்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எல்லை தவறமாட்டேன். யமனப்பா ஓடி வந்து, "என் கடலைக்குள்ள வந்து யாரும்மா சோறு தூவறது?" என்று கத்தினான். அப்போது நீ என்ன சொன்னாய்? விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கையில் ரொட்டியோடு எழுந்து நிற்க, "அவங்களுக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாய்.

புத்தி தடுமாறுகிறதா எனக்கு?

நிலத்தை அவனுக்கு மாற்றிக் கொடுத்தீர்களாம். அதை நான் யமனப்பா வாயால் தெரிந்துகொள்ள வேண்டுமா? பிறந்த வீட்டுப் பெண்ணை ஒரு போளிப் பொட்டலம்கூட மடியில் கட்டாமல் பஸ் ஏற்றி அனுப்பினவள் நீ ஒருத்திதான்.

சித்தவ்வா

*

கரடிகட்டி
27 ஜனவரி 1987

அக்காவுக்கு நீலவ்வாவின் வணக்கம்.

நீங்கள் மரியாதை இல்லாமல் எழுதினாலும் நான் மரியாதையோடுதான் எழுதுவேன். என் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

வரிசையாகச் சொன்னீர்கள். விட்டுப்போனதை நான் சொல்கிறேன். போன வருஷம் அவருக்குக் கை கால் விழுந்தபோது ஓடை வழியாக வயலுக்குப் போக முடியாமல் போயிற்று. நம் கரிசல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், வண்டி அச்சு வரை இறங்கிவிடும். யமனப்பாவின் நிலத்தின் ஊடே போனால் ரோட்டிலிருந்து நேராக வயல். அவன் வண்டிப்பாதை விட்டான். அதற்குப் பதிலாக வன்னி மரத்துக்கு அந்தப் பக்கத்துத் துண்டை இவர் கொடுத்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் தலையாட்டி முடித்தார்கள். இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்து அனுப்பிய பெண்ணிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

சரகா தூவுவது விளையாட்டா அக்கா? எவன் எதுவரை தூவுகிறானோ அதுவரை அவன் நிலம் என்று ஊரே பார்க்கிற நாள் அது. நீங்கள் தூவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். மறுநாள் யமனப்பா என்ன சொன்னான் தெரியுமா? "உங்க நிலம் உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. என் பாதை எனக்கு." கருவேல முள்ளை வெட்டிப் பாதையை அடைத்துவிட்டான். நான் போய்க் கேட்டேன். "தூவின அம்மா வந்து சொல்லட்டும். நீ சொல்லி ஆகாது" என்கிறான்.

ஆகவே சொல்கிறேன். யமனப்பாவிடம் வந்து தப்பு என்று சொல்லுங்கள். அதுவரை இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு அழைப்பு வராது.

போளிப் பொட்டலம் கட்டித்தான் வைத்திருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எருமைக்குப் போட்டேன். எருமை குறை சொல்லவில்லை.

நீலவ்வா

*

நெலவாகி
9 மார்ச் 1987

நீலவ்வாவுக்கு,

உன் எருமைக்கு நாக்கு கிடையாது. அதனால்தான் உன் சமையலை இத்தனை வருஷம் தாங்குகிறது.

தப்பு என்று சொல்ல வேண்டுமா நான்? யமனப்பாவிடம்? அவன் அப்பன் எங்கள் களத்தில் வந்து நின்று பதர் தூற்றியவன். அவன் முன்னால் போய் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு என் நாக்கை அறுத்து அந்த முள் மேல் போடலாம்.

மரியாதையைப் பற்றி எழுதுகிறாய். கல்யாணம் ஆகி நீ வந்த முதல் எள் அமாவாசை நினைவிருக்கிறதா? வேர்க்கடலைப் போளிக்குக் கடலையை வறுக்கிறேன் என்று கருக்கிவிட்டாய். கசப்பு. அப்பா வாயில் வைத்ததும் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. "யாரு செஞ்சது?" என்று கேட்டார். நீ கதிருக்குள் ஒளிந்து நின்றாய், பச்சைப் புடவை. "நான்தாம்ப்பா" என்று பழியை ஏற்றவள் யார்? அன்றைக்கு என் புத்தி தடுமாறியிருக்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். என் கடிதங்களைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுகிறாயா, அடுப்பில் போடுகிறாயா?

சித்தவ்வா

*

கரடிகட்டி
5 ஆகஸ்ட் 1987

அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். நாக பஞ்சமி வந்து போனதால் எழுதுகிறேன்.

பஞ்சமிக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் மகள்கள் வந்து இறங்கினார்கள். புளிய மரத்தில் ஊஞ்சல் கட்டி ஒரே கூச்சல். நம் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். இவர் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். பஸ் வரும் நேரமெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்காவுக்குச் சொல்லி விட்டியா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "ஏன்?" என்றார். "உங்களுக்கே தெரியும்" என்றேன். லட்டு உருண்டையைத் தொடவில்லை. பெண்கள் என்னை முறைக்கிறார்கள். உங்களால் என் வீட்டில் நான் குற்றவாளி.

கடிதங்களை அவருக்கு வாசிக்கிறேன். என்னைத் திட்டும் இடங்களை மட்டும் விட்டுவிடுகிறேன். உங்கள் முதல் கடிதத்தில் "வீடு வந்து சேர்ந்தேன்" மட்டும்தான் மிஞ்சியது. இரண்டாவதில் ஒன்றும் மிஞ்சவில்லை, நானாக ஒரு வரி சேர்த்து "நலமா தம்பி" என்று வாசித்தேன். அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களாக அந்த ஒரு வார்த்தை எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

கருகிய போளி உண்மை. நீங்கள் பழியை ஏற்றதும் உண்மை. அன்று மாலை வண்டி ஊருக்குள் நுழையும் முன்பே வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "புது மருமக கருக்கிட்டா, நான்தான் காப்பாத்தினேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தீர்களே, அதை ஏன் எழுதவில்லை? வண்டியில் உங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முள் இன்னும் அப்படியே இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்காரன் ஓடையைச் சுற்றிப் போய் உழுகிறான். இவர் வயலைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. "மழை இறங்கிச்சா? மண்ணு கையில ஒட்டுதா?" என்று அவனிடம் கேட்கிறார். பிறந்ததிலிருந்து ஒரு எள் அமாவாசைகூட அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இந்த வருஷம் அப்படித்தான் ஆகும். யாரால் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீலவ்வா

*

நெலவாகி
22 நவம்பர் 1987

நீலவ்வாவுக்கு,

இந்த வரியை வாசித்துக் காட்டு. தம்பி, நலமா? வலது கையால் சாப்பிடுகிறாயா, அவள் ஊட்டுகிறாளா? ஊட்டினால் சூடு பார்த்து ஊட்டச் சொல்.

இனி வருவது உனக்கு.

எள் அமாவாசைக்கு நான் வருவேன். நீ அழைத்தாலும் சரி, அழைக்காவிட்டாலும் சரி. என் மகன் சொல்கிறான், "நம்ம வயலுக்கு வாம்மா, இங்க என்ன குறைச்சல்?" என்று. குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் புருஷன் வீட்டு வயலில் நான் விடிவதற்குள் ரொட்டி தட்டி, பந்தி போட்டு, கடைசியில் உட்காருகிறவள். பிறந்த வீட்டு வயலில்தான் ஒருத்தி முதலில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வையி" என்று கேட்டுச் சாப்பிடலாம். வருஷத்தில் ஒரு நாள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் இருக்கிற பாத்தியதை அவ்வளவுதான். அதை முள் போட்டு அடைக்க உனக்கும் யமனப்பாவுக்கும் உரிமை கிடையாது.

உனக்கு அம்மா வீட்டு வயல் இல்லை, உன் அண்ணன் விற்றுத் தின்றுவிட்டான். ஆகையால் உனக்கு இது புரியாது.

சித்தவ்வா

*

கரடிகட்டி
8 டிசம்பர் 1987

அக்காவுக்கு,

கடைசி இரண்டு வரியை அடுப்பில் போட்டேன். அதற்கு இது கூலி: வராதீர்கள்.

வந்தால் எங்கே வருவீர்கள்? இந்த வருஷம் நான் யாரையும் அழைக்கவில்லை. வண்டி கட்டவில்லை. இருபதாம் தேதி காலையில் நான் ஒருத்தி மட்டும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைச் சுற்றி நடந்து போவேன். வயலில் சாமியாக வைக்கும் ஐந்து கல்லைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, பூசை செய்துவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலில் இருப்பவருக்கு இலை போடுவேன். அதுதான் எங்கள் எள் அமாவாசை. அதில் உங்களுக்கு உட்கார இடம் இல்லை.

இடம் வேண்டுமென்றால் யமனப்பாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் தம்பி அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்பது தெரிந்தும் உங்கள் நாக்குதான் உங்களுக்குப் பெரிது.

நீலவ்வா

*

கரடிகட்டி
23 டிசம்பர் 1987

அக்காவுக்கு,

நீங்கள் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

கூடையைத் தலைக்கு ஏற்றப் போனேன். வாசலில் யமனப்பா நிற்கிறான். முழங்கை வரை முள் கீறின ரத்தம்.

"வண்டியக் கட்டும்மா. முள்ள எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தே?"

"உங்க நாத்தனார்கிட்ட கேளு. எனக்குச் சொல்லத் தெரியாது."

அவனே மாட்டைப் பூட்டினான். அவனே இவரைத் தூக்கி வைக்கோல் மேல் உட்கார வைத்தான். பாதையில் இறங்கினோம். சோளம் ஆளுயரம் நிற்கிறது. இவர் கையை நீட்டி இலையைத் தொட்டுக்கொண்டே வந்தார். அவ்வளவுதான், அதற்குள் பார்த்தால், யமனப்பாவின் வயலில், அவன் பாயில், அவன் இலை முன்னால், மகாராணி மாதிரி நீங்கள்!

"வண்டிய நிறுத்து" என்றார் இவர்.

"நம்ம வயல் அங்க இருக்கு" என்றேன்.

"அக்கா இங்க இருக்கா."

இறங்கி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் விடிய விடியத் தட்டின கம்பு ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர், எல்லாம் வண்டியில். இவர் யமனப்பா வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறார். நீங்கள் ஊட்டுகிறீர்கள். சூடு பார்த்து.

நான் எங்கள் வயலுக்குப் போனேன். கூடையை நானே தூக்கினேன். செம்பையும் நானே பிடித்தேன். "ஹுலிகோ" என்றவளும் நான், "சலம்பரிகோ" என்றவளும் நான். அடுத்த வயல்களில் சிரித்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது நீங்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

என் புருஷனுக்கு என் வயலில் போட்ட பாய் காலியாகக் கிடந்தது. இதற்காகத்தான் வந்தீர்களா?

நீலவ்வா

*

நெலவாகி
4 ஜனவரி 1988

நீலவ்வாவுக்கு,

நீ தூங்காதது நல்லதுதான், கொஞ்சம் யோசித்திருப்பாய்.

நடந்ததைக் கேள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். ரோட்டிலிருந்து நடந்தால் முதலில் வருவது அவன் வயல். வரப்பில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

"யாரு? போன வருஷம் என் கடலையில சோறு தூவின அம்மாவா?"

"ஆமா. தூவினதுல உன் கடலை பட்டுப்போச்சா, விளைஞ்சுதா?"

"விளைஞ்சுதுதான்."

"அப்ப சோத்தப் போடு. கூலி பாக்கி நிக்குது."

அவன் பெண்சாதி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எள் அமாவாசையில் வரப்பில் நிற்பவளை உட்கார் என்று சொல்லாமல் அனுப்ப யாருக்கும் தைரியம் வராது, அவனுக்கும் வரவில்லை. ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

"போடறேன். முதல்ல சரகா தூவணும். நான் கூப்பிடறேன், நீங்க பின்னால வந்து பதில் சொல்லுங்க."

"எது வரைக்கும்?"

"வன்னி மரத்துலேருந்து கருங்கல் வரைக்கும். அந்தத் துண்டுலதான் முதல்ல."

புரிகிறதா? பதில் சொல்கிறவள், கூப்பிடுகிறவன் நிலம் என்று ஒப்புக்கொள்கிறாள். போன வருஷம் நீ வாயை மூடினாயே, அது அதனால்தான் என்று எனக்குத் தெரியாதா? நான் செம்பைக் கையில் வாங்கவே நேரம் பிடித்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. ஓடைப் பக்கம் பார்த்தேன். நீ அந்த வழியாகத் தனியாகக் கூடையோடு வருவாய், தம்பி கட்டிலில் கிடப்பான் என்று எழுதியிருந்தாய்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். அப்பா உழுத மண்ணில் யமனப்பா "ஹுலிகோ" என்றான். நான் "சலம்பரிகோ" என்றேன். ஒரு தடவை இல்லை, கருங்கல் வரைக்கும். சுற்றி எல்லா வயலிலும் ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முடிந்ததும் அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளை இழுக்கப் போய்விட்டான்.

தப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

உன் வயலில் உட்கார எனக்கு இடம் இல்லை என்று எழுதினவள் நீ. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போ என்பேனா? உன் பாய் காலியாகக் கிடந்தது என்கிறாய். எனக்கு ஒரு வருஷம் அப்படிக் கிடந்தது.

நீ தனியாகக் கூப்பிட்டுத் தனியாகப் பதில் சொன்னதும் காதில் விழுந்தது. பதிலில் உனக்கு மூச்சு வாங்குகிறது. மார்பில் சளி கட்டியிருக்கிறது. மிளகுக் கஷாயம் குடி. இல்லாவிட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அதற்காகச் சொல்கிறேன்.

சித்தவ்வா

*

கரடிகட்டி
18 ஜனவரி 1988

அக்காவுக்கு,

கஷாயம் குடித்தேன். உங்களுக்காக இல்லை.

உங்கள் கடிதத்தை இந்த முறை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். என்னைத் திட்டின இடங்களில் அவர் சிரித்தார். கருங்கல் இடத்தில் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அக்கா அந்தத் துண்டுலயா பதில் சொன்னா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரெல்லாம், "சித்தவ்வா தம்பிக்காக என்ன செஞ்சா பாரு" என்கிறார்கள். இரண்டு வருஷமாக அவரைத் திருப்பிப் படுக்க வைப்பவளை யாரும் பார்ப்பதில்லை. நாத்தனாராக உங்கள் வேலை வருஷத்துக்கு ஒரு நாள். என் வேலைக்கு அமாவாசை பௌர்ணமி கிடையாது.

சோளம் பால் பிடித்து இளங்கதிர் ஆகிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வயலில் வரட்டி மூட்டி அந்தக் கதிரைச் சீத்தனியாகச் சுடுகிறோம். பெண்கள் வருகிறார்கள். அவரையும் வண்டியில் அழைத்துப் போகிறோம். நீங்களும் வர வேண்டும். பாசத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் எங்கே உட்காருகிறீர்களோ அங்கேதான் அவர் சாப்பிடுவார் என்று தெரிந்துவிட்டது. ஆகையால் என் வயலில் உட்காருங்கள். வேறு காரணம் எதுவும் இல்லை.

நீலவ்வா

*

நெலவாகி
23 ஜனவரி 1988

நீலவ்வாவுக்கு,

அழைப்பு வந்தது. எழுத்தில் இருக்கிறது, இனி இல்லை என்று சொல்ல முடியாது.

திருப்பிப் படுக்க வைப்பதை யாரும் பார்க்கவில்லை என்கிறாய். அன்று பாயில் அவன் சட்டையை நகர்த்திப் பார்த்தேன். முதுகில் ஒரு புண் இல்லை. அங்கேயே யமனப்பா பெண்சாதியிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை, நீ கேட்டதால் எழுதுகிறேன்.

வருகிறேன். வேர்க்கடலைச் சட்னி நான் கொண்டு வருவேன். கடலையை நீ வறுக்க வேண்டாம்.

ரோட்டுக்கு வண்டியை அனுப்பு. நடந்து வந்தால் யமனப்பா வயல்தான் முதலில் வரும். அவன் கூப்பிடுவான். கூப்பிட்ட இடத்தில் உட்காராமல் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

சித்தவ்வா